கூடைப் பொத்தானிலிருந்து பித்தாகரஸ்: மொசாம்பிக் கணித வகுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

கலையைக் கொண்டு மற்றப் பாடங்களைச் சொல்லித் தருவது பற்றி இப்போது நம் பள்ளிகளில் நிறையப் பேச்சு அடிபடுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019இல் கலை ஒருங்கிணைந்த கற்றலைத் தன் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே வலியுறுத்துகிறது. நடைமுறையில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒளிச்சேர்க்கைக்கு ஒரு நடனம், பின்னங்களுக்கு ஒரு வண்ணச் சார்ட், பெற்றோர் ராத்திரி உட்கார்ந்து ஒட்டிக்கொடுத்த தெர்மகோல் மாதிரி. பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம் கிடைக்கிறது; அது நல்லதுதான். ஆனால் அந்த நடனத்தை எடுத்துவிட்டாலும் பாடம் கொஞ்சமும் மாறாமல் அப்படியே நிற்கும் என்றால், கலை அங்கே பாடத்துக்காக எந்த வேலையும் செய்யவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கலை உண்மையிலேயே வேலை செய்த ஒரு வகுப்பறையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இடம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக். பாடம் வடிவியல். கலை, கூடை முடைதல்.

பின்னணி

மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று போர்த்துகல்லிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. இருந்த ஆசிரியர்களில் கணிசமானோர் போர்த்துகீசியர்கள், அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். புதிய அரசு பள்ளிகளைத் திறக்க வேண்டும், அதற்கு முதலில் கணித ஆசிரியர்களை உருவாக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் பவுலுஸ் கெர்டெஸ். 1952இல் நெதர்லாந்தில் பிறந்தவர். கணிதத்தோடு மானிடவியலும் படித்தவர். 1970களின் பிற்பகுதியிலிருந்து தலைநகர் மபுட்டோவிலுள்ள எதுவார்து மோண்ட்லானே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். பிறகு அந்நாட்டின் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். 2014இல் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை.

அவர் முன் உட்கார்ந்திருந்த மாணவர்கள் காலனிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். கணிதம் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு, தங்கள் அப்பா அம்மாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் அந்தப் பள்ளிகள் அவர்களுக்குள் ஏற்றியிருந்த நம்பிக்கை. இது நம்மவருக்குப் புரியாத விஷயம் இல்லை. கெர்டெஸ் செய்த காரியத்தின் அருமை, இந்த நம்பிக்கையை அவர் பிரசங்கத்தால் உடைக்க முயலவில்லை என்பதில் இருக்கிறது. ஒரு கேள்வி கேட்டார். அந்த வகுப்புகளைப் பற்றி 1988இல் ஒரு கணிதக் கல்வி ஆய்விதழில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

செவ்வகம்

வடிவியலை எந்த அடிக்கோள்களிலிருந்து, அதாவது நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் எந்தக் கூற்றுகளிலிருந்து, தொடங்குவது என்பது வகுப்பின் தலைப்பு. இணைகோடுகளைப் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் அடிக்கோளுக்குப் பதிலாகச் செவ்வகத்தைப் பற்றிய ஒரு கூற்றை வைத்தும் தொடங்கலாம். சோவியத் கணித அறிஞர் அலெக்சாந்திரோவ் அப்படி ஒன்றை முன்வைத்திருந்தார். அதை விளக்கிவிட்டு கெர்டெஸ் கேட்டார்: நம் ஊர் விவசாயிகள் எந்தச் செவ்வக அடிக்கோளைப் பயன்படுத்துகிறார்கள்?

மாணவர்கள் நம்பவில்லை. விவசாயிக்கு வடிவியல் ஏது என்பதுதான் முதலில் வந்த பதில். அவர் விடவில்லை. விவசாயிகளின் வாழ்க்கையில் செவ்வகம் இருக்கிறதா? இருக்கிறது, வீட்டுத் தரை செவ்வகம்தான். அதை யார் போடுகிறார்கள்? எப்படிப் போடுகிறார்கள்? நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்கள், தங்கள் பெற்றோர் வீட்டுக்குத் தரை குறிக்கும் விதத்தை ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியதாயிற்று. இரண்டு முறைகள் வெளியே வந்தன.

ஒன்று: சம நீளமுள்ள இரண்டு நீண்ட கழிகளையும், சம நீளமுள்ள இரண்டு குட்டைக் கழிகளையும் எடுத்து, நுனியோடு நுனி சேர்த்துத் தரையில் நாற்கரமாக வைப்பார்கள். அது சாய்ந்தும் இருக்கலாம். அப்புறம் ஒரு கயிற்றால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள். இரண்டும் ஒரே அளவாகும்வரை கழிகளைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்வார்கள். சமமானதும் மூலையில் முளை அடிப்பார்கள்.

மற்றொன்று: சம நீளமுள்ள இரண்டு கயிறுகளை நடுவில் முடிச்சுப் போட்டு இணைப்பார்கள். வேண்டிய அகலத்துக்கு ஒரு கழியைத் தரையில் வைத்து, ஒவ்வொரு கயிற்றின் ஒரு நுனியையும் கழியின் இரு முனைகளில் கட்டுவார்கள். மிச்சமுள்ள இரண்டு நுனிகளையும் இழுத்துப் பிடித்தால் எதிர்மூலைகள் கிடைத்துவிடும்.

நம் ஊரில் கடைக்கால் போடும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும், குறுக்கே நூல் பிடித்து இரண்டு பக்கமும் சரிபார்ப்பதும் முதல் முறையின் உறவுதான்.

கெர்டெஸ் இந்த இரண்டு முறைகளையும் கணிதக் கூற்றுகளாக எழுத வைத்தார். எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் மூலைவிட்டங்கள் சமமாகவும் இருக்கும் நாற்கரத்தில் நான்கு கோணங்களும் செங்கோணங்கள். ஒரு புள்ளியிலிருந்து நான்கு மூலைகளும் சம தூரத்தில் இருந்து, மூலைவிட்டங்கள் அந்தப் புள்ளியில் வெட்டிக்கொண்டால் அது செவ்வகம். நம் பாடநூல்களில் நாற்கரங்களின் பண்புகளாக வரும் வரிகள்தான் இவை. ஆனால் இங்கே அவை ஒரு தலைமுறை தன் வீட்டுக்குக் கடைக்கால் போட்ட வழியிலிருந்து வருகின்றன. அவற்றையே அடிக்கோளாக வைத்து மற்ற வடிவியலைக் கட்ட முடியுமா என்று மாணவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். விவசாயிக்கு வடிவியல் ஏது என்று கேட்டவர்கள்தான் அந்தச் சோதனையைச் செய்தார்கள்.

பொத்தான்

இந்த நிகழ்வின் மையம் ஒரு சின்னப் பொருள். மொசாம்பிக்கின் தெற்கில் கூடை மூடியை இழுத்துக் கட்ட ஓலையால் முடைந்த சதுரப் பொத்தான் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். விரலளவுதான் இருக்கும். கெர்டெஸ் வகுப்பில் அதை முடையச் சொன்னார். அதன் பிறகு மேலிருந்து பார்த்து வரையச் சொன்னார். முடைந்த ஓலையின் விளிம்புகள் கொஞ்சம் வளைந்திருக்கும்; அவற்றை நேர்கோடுகளாக்க வேண்டும். ஒரு பட்டை மற்றொன்றின் அடியில் நுழையும் இடத்தில் கோடு மறைந்துவிடும். அதையும் வரைய வேண்டும். அப்படி வரைந்தால் பெரிய சதுரத்தின் நடுவே, கொஞ்சம் திரும்பிய நிலையில் இன்னொரு சதுரம் வெளிப்படுகிறது.

அங்கிருந்து பித்தாகரஸ் தேற்றத்துக்குப் பல வழிகள் உண்டு. எளிதான ஒன்றைச் சொல்கிறேன். பெரிய சதுரத்துக்கும் நடுச் சதுரத்துக்கும் இடையில் உள்ள பகுதி, ஒரே மாதிரியான நான்கு செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது என்று வையுங்கள். முக்கோணத்தின் சிறிய பக்கம் 3, அடுத்தது 4. நான்கு முக்கோணங்களின் மொத்தப் பரப்பு 24. நடுச் சதுரத்தின் பக்கம் 4க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 1. அதன் பரப்பும் 1. மொத்தம் 25. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம், அதாவது கர்ணம், 5. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டால் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் இதே கணக்கு வரும். இந்தியாவில் 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிரூபணமும் இதே படம்தான்.

பொத்தானை எடுத்துவிட்டால் இந்தப் பாடம் இல்லை. ஏன் நடுவில் ஒரு சதுரம் வந்தது, அது ஏன் திரும்பி நிற்கிறது என்ற கேள்விகள் முடையும் விரல்களிலிருந்துதான் பிறக்கின்றன. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்து காட்டும் படத்தைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இதன் பிறகு கெர்டெஸ் எழுப்பிய கேள்விகள்தான் வகுப்பை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. பித்தாகரஸ் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நாம் கண்டுபிடித்திருப்போம் இல்லையா? நம் முன்னோர்களால் முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று? அடிமை வணிகமும் காலனி ஆட்சியும் வகுப்புக்குள் பேச்சாக வந்தன. வடிவியல் வகுப்பில் வரலாறு பேசப்பட்டது, அதற்குத் தனியாகப் பாடவேளை ஒதுக்காமலேயே. ஒரு பாடத்தைக் கலையின் வழியாக உண்மையாகத் திறந்தால் அடுத்த பாடமும் கூடவே வந்துவிடுகிறது. திட்டமிட்டு இரண்டு பாடங்களை ஒட்டவைக்கும் பயிற்சித் தாள்களில் இதை நான் பார்த்ததே இல்லை.

மீன் பொறியும் சிபாட்சியும்

வடக்கில் மீனவர்கள் லேமா என்ற மீன் பொறியைப் பின்னுவார்கள். அதன் ஓட்டைகள் ஒழுங்கான அறுகோணங்கள். பட்டைகள் மூன்று திசைகளில் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று 60 பாகைக் கோணம். இந்தக் கோணத்தை யாரும் பாகைமானி வைத்துக் குறிப்பதில்லை. பட்டையை மடித்துப் பின்னிக்கொண்டே போனால் இறுகி நிற்கும் கோணம் அதுதான். மாணவர்கள் காகிதப் பட்டைகளால் இதைச் செய்து பார்த்தார்கள். அறுகோணத்துக்குப் பதில் ஓரிடத்தில் ஐங்கோணமாகப் பின்னினால் தட்டையான பின்னல் அங்கே குவிய ஆரம்பிக்கும். இப்படி 12 ஐங்கோணங்கள் சேர்ந்தால் பின்னல் மூடிக்கொண்டு பந்தாகிவிடும். மலேசியாவில் செபாக் தக்ரோ விளையாடும் தமிழர்கள் கையில் எடுக்கும் பிரம்புப் பந்தை எண்ணிப் பார்க்கலாம்: 12 ஐங்கோண ஓட்டைகள். 1985இல் வேதியியலாளர்கள் கண்டறிந்த, 60 கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும் அதே 12 ஐங்கோணங்கள் இருக்கின்றன.

இன்யம்பானே மாகாணத்தில் பெண்கள் முடையும் சிபாட்சி என்ற கைப்பைகளின் பட்டை வடிவங்களைக் கொண்டு சமச்சீர்மையைப் பாடமாக நடத்தலாம் என்றும் கெர்டெஸ் 1990களில் எழுதினார். அது தனியாக விரிவாகப் பேச வேண்டிய பொருள்.

மணலில் வரைந்த கோடும் நம் கோலமும்

ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில், வடகிழக்கு அங்கோலாவைச் சேர்ந்த சோக்வே மக்களிடம் சோனா என்ற மணல் ஓவியம் உண்டு. விரல் நுனியால் மணலில் புள்ளிகளை வரிசையாகக் குத்தி, அவற்றைச் சுற்றிக் கையெடுக்காமல் கோடு இழுப்பார்கள். இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள். நடுவில் தயங்கினால் சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுவார்களாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை; நம் வாசலில் இருப்பது இதன் சகோதரி. கெர்டெஸ் சோனாவை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1989இல் தமிழர்களின் சிக்குக் கோலங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரையில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலேய மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் பதிப்பித்த கோலங்களைப் பார்த்துவிட்டு, பல கோடுகளால் ஆன கோலங்கள் முதலில் ஒற்றைக் கோடாக இருந்து காலப்போக்கில் சிதைந்தவையாக இருக்கலாம் என்று கருதி, அந்த 'மூல' வடிவங்களைத் திரும்பக் கட்டிக்காட்ட முயன்றார் கெர்டெஸ். கணிதமாக அது அழகான வேலை. ஆனால் நம் பெண்கள் இரண்டு, மூன்று, ஐந்து கோடுகளில் சிக்குக் கோலம் போடுவதைக் குறையாக நினைப்பதே இல்லை. போடுகிறவரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த ஊகம் எழுந்திருக்காது. இதே கோலத்தைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி வேறு விதமாக அணுகினார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலத்தை, விதிகளைக் கொண்டு படங்களை உருவாக்கும் ஓர் இலக்கணமாகப் பார்த்தது. கணினி அறிவியலில் அதற்கு இன்றும் இடம் இருக்கிறது.

சோனாவுக்கும் கோலத்துக்கும் பொதுவான ஒரு கணக்கு ஆறாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். நேர்ப்புள்ளியாகச் சில வரிசைகள் வையுங்கள். கோட்டைப் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓட்டி, விளிம்புக்கு வந்ததும் கடைசிப் புள்ளியைச் சுற்றித் திருப்பி, மறுபடி சாய்வாக ஓட்டுங்கள். எல்லாப் புள்ளிகளும் அடைபட எத்தனை தனிக் கோடுகள் தேவைப்படும்? 2 வரிசை, 3 நிரல் என்றால் ஒரே கோடு. 2க்கு 2 என்றால் இரண்டு. 3க்கு 4 என்றால் ஒன்று. 3க்கு 6 என்றால் மூன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. வரிசை எண்ணுக்கும் நிரல் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுதான் கோடுகளின் எண்ணிக்கை.

ஏன் என்று கேட்க வைப்பதுதான் பாடம். 4 வரிசை, 6 நிரலில் ஒரு கோட்டைப் பின்தொடருங்கள். அது இடவலமாகவும் மேல்கீழாகவும் ஒரே நேரத்தில் நகர்கிறது. இடவலமாகப் போய்வரும் சுற்றும் மேல்கீழாகப் போய்வரும் சுற்றும் ஒன்றாக முடிந்தால்தான் கோடு புறப்பட்ட இடத்தில் வந்து மூடும். அது எப்போது என்றால் 4க்கும் 6க்கும் மீச்சிறு பொது மடங்கான 12இல். அதற்குள் கோடு மூன்று முறை மேலே போய்க் கீழே வந்திருக்கும்; அதாவது அடி விளிம்பை மூன்று இடத்தில் தொட்டிருக்கும். அடி விளிம்பில் மொத்தம் ஆறு இடங்கள். ஆறில் மூன்று போக, மிச்சம் மூன்றுக்கு இன்னொரு கோடு வேண்டும். மீப்பெரு பொதுக் காரணியும் மீச்சிறு பொது மடங்கும் ஏன் எப்போதும் கைகோத்தே வருகின்றன என்பது, அந்தக் காரணியையும் மடங்கையும் பெருக்கினால் வருவது ஏன் அந்த இரண்டு எண்களின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்பது, இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யார்?

எங்கே குறைகிறது

இந்த நிகழ்வைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும்முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன வகுப்புகள் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கானவை. அவர்கள் திரும்பிப்போன பள்ளிகளின் நிலை வேறு. 1977 முதல் 1992 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. பள்ளிகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பிழைத்த பள்ளிகளில் கூட்டம் தாங்கவில்லை. நல்ல பாடம் ஒன்று இருப்பதும், அதை நடத்த ஒரு கூரை இருப்பதும் தனித்தனிப் பிரச்சினைகள்.

அடுத்தது, கெர்டெஸ் கைவினைஞரைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து. தெரிந்த முறையைத் திரும்பச் செய்யும் கைவினைஞர் பொதுவாகக் கணிதம் செய்வதில்லை, அந்த முறையை முதலில் கண்டவர்தான் கணிதம் செய்தார் என்றார். இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. இன்னொரு அளவில் கூடை கேட்டால் எத்தனை பட்டை கூட்டுவது, குறுகும் இடத்தில் எதை விடுவது என்று முடைபவர் ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்களைச் சொல்லிக்காட்ட அவரையே வகுப்புக்கு அழைத்திருக்கலாம். கெர்டெஸின் விவரிப்பில் பொருள் வகுப்புக்குள் வருகிறது. முடைந்தவர் வெளியே நிற்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ரேணுகா விதலும் ஓலே ஸ்கோவ்ஸ்மோஸும் 1997இல் அதைத் தென்னாப்பிரிக்க அனுபவத்திலிருந்து எழுப்பினார்கள். மக்களின் பண்பாட்டிலிருந்து பாடத்தை எடுப்போம் என்ற பேச்சை நிறவெறி அரசும் பேசியது. கறுப்பர்களுக்கு அவர்கள் பண்பாட்டுக்கு ஏற்ற தனிக் கல்வி என்று சொல்லி, 1953இன் பாண்டு கல்விச் சட்டத்தின் கீழ் அவர்களைத் தாழ்ந்த வேலைகளுக்கே தயார்ப்படுத்தியது. அதே 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். எதிர்ப்பு வலுத்து, 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். ஆகவே கூடை முடைதலைப் பள்ளிக்குள் கொண்டுவருவோம் என்று ஒருவர் சொன்னால் நம் ஊரில் பலருக்கு முகம் சுளிக்கும், சுளிப்பது நியாயம்.

நான் இந்த நிகழ்வைத் தேர்ந்ததற்கே இந்த நியாயம்தான் காரணம். அந்தத் திட்டத்தில் தொழில், பிள்ளையை அவன் பிறந்த இடத்திலேயே கட்டிப்போட வந்தது. மபுட்டோ வகுப்பில் பொத்தான் எல்லார் கைக்கும் வந்தது: முடைபவர் பிள்ளைக்கும் குமாஸ்தா பிள்ளைக்கும். அது வந்து நின்ற இடம் பித்தாகரஸ், அடிக்கோள் முறை, வரலாறு. எந்தப் பள்ளியிலாவது கலை வழிப் பாடம் என்றால் இரண்டு விஷயங்களை நேராகக் கேட்டுவிடலாம். எந்தப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்? செய்து முடித்ததும் எந்தப் பாடத்துக்குப் போகிறார்கள்? கோலத்துக்கும் இது பொருந்தும். பெண் பிள்ளைகள் மட்டும் கோலம் போட, ஆண் பிள்ளைகள் எண்ணிச் சொன்னால் அந்த வகுப்பு ஏற்கெனவே கெட்டுப்போயிற்று.

வகுப்பில் செய்து பார்க்க

கோலப் பாடத்தைத் தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு மூன்று பாடவேளை போதும் என்று நினைக்கிறேன். முதல் நாள் பேச்சே வேண்டாம். பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் இருவர் இருவராகப் போடட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு வரிசை, நிரல். தனிக் கோடுகளுக்குத் தனி நிறம் கொடுத்தால் எண்ணுவது சுலபம். இரண்டாம் நாள் எல்லா எண்ணிக்கைகளையும் கரும்பலகையில் ஒரே அட்டவணையாக எழுதி, 7க்கு 9 போட்டால் எத்தனை வரும் என்று போடாமலேயே ஊகிக்கச் சொல்ல வேண்டும். விதியை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், பாடவேளை முடிந்தாலும் சரி. மூன்றாம் நாளுக்கு விளிம்பைத் தொடும் கணக்கு.

கோலம் போடத் தெரிந்த அம்மாவோ பாட்டியோ அந்த மூன்றாம் நாள் வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது. 4க்கு 6 கோலத்தில் இரண்டு நிறக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்றை எடுத்து, வெட்டாமல் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டு கோடும் சேர்ந்து ஒன்றாகிவிடும். சிக்குக் கோலம் போடுகிறவர்கள் இதை யோசிக்காமலேயே செய்வார்கள். ஒரே நிறக் கோடு தன்னைத்தானே வெட்டும் இடத்தில் அப்படித் திருப்பினால் என்ன ஆகும், எப்போது இரண்டாக உடையும், எப்போது உடையாமல் ஒன்றாகவே நிற்கும்? இதற்குப் பாடநூலில் விடை இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.